அன்புசெல்வி வாய் திறக்காத இருபது நிமிடம்

அபிராமி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அன்புசெல்விக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அந்தப் பெண் தப்பாக ஒன்றும் செய்துவிடவில்லை. பேதியாகி வாடிப்போய் வந்த ஒரு கைக்குழந்தைக்கு நரம்பில் ஊசி ஏற்றினாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அன்புசெல்வி இரண்டு தடவை குத்தித் தோற்றிருந்தாள். அபிராமி குழந்தையின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, கணுக்காலுக்கு மேலே விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள். குழந்தையின் அம்மா அபிராமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்புசெல்வி பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

அந்த ஆஸ்பத்திரி காங்கயம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், இரண்டு சாயப் பட்டறைகளுக்கும் ஒரு பிரிண்டிங் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிறது. முப்பது படுக்கை. கீழே அவசரப் பிரிவு, மேலே ஆப்பரேஷன் தியேட்டர். நடத்துகிறவர் டாக்டர் திருமூர்த்தி, அறுவை சிகிச்சை நிபுணர். ஊசி விரலில் ஏறியவர்கள், கட்டிங் மெஷினில் கை கொடுத்தவர்கள், பாய்லர் நீராவியில் வெந்தவர்கள், பைக்கில் விழுந்தவர்கள் எல்லோரும் வருவது அங்கேதான்.

அன்புசெல்விக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். பத்தொன்பது வயதில் ஊர்ப் பெண்கள் ஆறு பேரோடு பஸ் ஏறி வந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே நாளெல்லாம் நின்று, ஒவ்வொரு பனியனாக விரித்து ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவள் மேஜையைத் தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்ததே இல்லை என்று சூப்பர்வைசர் சொல்வார். கூட வேலை பார்த்தவள் ஒருத்தி கர்ப்பத்தோடு மயங்கி விழுந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மூன்று நாள் அவளுக்குத் துணையாக இருந்தாள். கிளம்பும்போது திருமூர்த்தி, “நீ இங்கியே வேலைக்கு வந்துரு கண்ணு. உனக்குக் கண்ணு நல்லா இருக்குது” என்றார். அப்படித்தான் வந்தாள். முதலில் உதவியாள். பிறகு வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருஷ சர்டிபிகேட் படிப்பு. நடுவில் கட்டிங் மாஸ்டர் சகாயராஜோடு சர்ச்சில் கல்யாணம். இருபது வருஷத்தில் அவள் அந்த ஆஸ்பத்திரிக்கு அன்பக்கா ஆகிவிட்டாள். டாக்டர் மாடிப்படி இறங்கும்போதே “அன்பு எங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குவார்.

அந்தக் கேள்வி மாறிப்போனதுதான் அவளால் தாங்க முடியாதது.

அபிராமி குன்னத்தூர் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண். கோயமுத்தூரில் நாலு வருஷ நர்சிங் முடித்தவள். வயது இருபத்தைந்து. கம்ப்யூட்டரில் கையெழுத்தை விட வேகமாகத் தட்டினாள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களிடம் இந்தியில் பேசினாள். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். இத்தனை வருஷத்தில் அன்புசெல்விக்கு வலி எங்கே என்று கேட்க மட்டும்தான் இந்தி தெரியும். பதில் புரியாது. ஆறே மாதத்தில் டாக்டர் “அபிராமி இருக்கறாளா?” என்று கேட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். முதல் தடவை அதைக் கேட்டபோது அன்புசெல்வி மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்படியே நின்றுகொண்டாள், அவர் போகும்வரை.

பொறாமையை அவள் வேறு பெயர் வைத்து அழைத்தாள். “பதவிசு பத்தாது”, “சின்னப்பிள்ளைக்கு இவ்வளவு இடம் கொடுக்கக் கூடாது” என்று வீட்டில் சொல்வாள். அபிராமி மத்தியானம் டப்பாவைத் திறந்து, “அக்கா, சந்தகை கொண்டாந்திருக்கறனுங்க, எடுத்துக்குங்க” என்று நீட்டினால், வயிறு சரியில்லை என்பாள். ஒரு வருஷமாக வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அபிராமி ஒரு மாத்திரையின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் அன்றைக்கு அன்புசெல்விக்குச் சோறு நன்றாக இறங்கும். ஆனால் அந்தப் பெண் தப்பாக எழுதுவது அபூர்வம்.

மாரிச்செல்வத்தைக் கொண்டுவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணி இருக்கும்.

முப்பத்து நாலு வயது ஆள். லோடுமேன். சாயம் போட்ட துணி ரோல்களை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, மேலே அடுக்கியிருந்த ரோல்கள் சரிந்து அவனை லாரியின் பின்கதவு விளிம்போடு வைத்து நெருக்கிவிட்டன. இடது விலாவில் அடி. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கூட வேலை செய்கிறவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து, தானே நடந்து உள்ளே வந்தான்.

“ஒண்ணும் இல்லக்கா. மூச்சு இழுத்தா விலாவுல குத்துது. ஒரு ஊசி போட்டு விட்டிருங்க, மிச்ச லோடை இறக்கணும்” என்றான். பேச்சைக் கேட்டதும் அன்புசெல்விக்குத் தன் ஊர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. எட்டயபுரம் தாண்டி இரண்டு மைல் என்றான். அவன் மனைவி கருத்தம்மா அதே பகுதியில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர். அவளுக்குப் போன் போயிருந்தது.

அவனைக் கவனிக்கத் திருமூர்த்தி கூப்பிட்டது அபிராமியைத்தான். பிரஷர் நூற்றி இருபத்து நாலுக்கு எண்பது. நாடி தொண்ணூற்றி நாலு. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். விலாவை ஒட்டி அமுக்கினால் மட்டும் வலித்தது. ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, வயிற்றில் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். எங்கேயும் ரத்தம் தேங்கியதாகத் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் இடது பக்கம் கீழ் விலா இரண்டில் விரிசல்.

“இப்போதைக்கு ஒண்ணும் தெரியலைங்க. ஆனா அனுப்ப வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இங்கியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அபிராமியிடம், “நீ பாத்துக்க. கால் மணிக்கொருக்கா நாடியும் பிரஷரும் எழுதி வையி” என்றார். மேலே ஒரு குடலிறக்க ஆப்பரேஷன் காத்திருந்தது. டூட்டி டாக்டரையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போய்விட்டார்.

அன்புசெல்வி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது வருஷம் நின்ற இடத்தில் அவள் அன்றைக்கு ஸ்கேன் வண்டியின் ஒயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், அடுத்த கட்டிலில் இருந்தவருக்குக் கட்டுப் பிரிக்கப் போனபோது மாரிச்செல்வம் கூப்பிட்டான். அபிராமி அப்போது வாசலில் ஒரு இந்திக்காரப் பையனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க.”

“டாக்டர் வர்ற வரைக்கும் குடிக்கக் கூடாது தம்பி.”

“நாக்கு ஒட்டுதுக்கா.” அவன் தலையணையில் ஒரு பக்கமாகப் புரண்டு, வலது கையால் இடது தோள் உச்சியைப் பிடித்துவிட்டுக்கொண்டான். “இங்கன வேற கடுக்கு. படுத்தா சாஸ்தியாகுது. தோள்ல அடியே படல. என்னன்னு தெரியல.”

அன்புசெல்வியின் கை நின்றுவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அதே வரிசையில் ஓரத்துக் கட்டிலில், பைக் ஹேண்டில் வயிற்றில் இடித்து வந்த ஒருவர் இதே தோளைப் பிடித்துக்கொண்டு இதே மாதிரி தண்ணீர் கேட்டார். தோளில் அடிபடாமல் தோள் ஏன் வலிக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, தைலம் தேய்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அவர் போய்விட்டார். திருமூர்த்தி அப்புறம் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். இடது விலாவுக்குள்ளே மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்தால் ரத்தம் மேலே உதரவிதானத்துக்கு அடியில் போய்த் தேங்கும். அங்கிருந்து போகிற நரம்பு அந்த வலியைத் தோளில் கொண்டுபோய்க் காட்டும். முதலில் கசிவு கொஞ்சமாக இருந்தால் ஸ்கேனில்கூடத் தெரியாது. பிரஷரும் கடைசி வரைக்கும் ஏமாற்றும். வாலிப உடம்பு நாடியை ஏற்றி ஏற்றிப் பிரஷரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் ஒரேயடியாக விட்டுவிடும். அன்புசெல்வி அதை மறக்கவே இல்லை.

கட்டில் காலில் தொங்கிய தாளைப் பார்த்தாள். அபிராமியின் அழகான கையெழுத்து. நாடி தொண்ணூற்றி நாலு, தொண்ணூற்றி எட்டு, நூற்றி நாலு. மேல் பிரஷர் அதிகம் இறங்கவில்லை, நூற்றிப் பதினாறு. கீழ் பிரஷர் மட்டும் எண்பத்தாறுக்கு ஏறியிருந்தது. இரண்டும் நெருங்கி வந்துகொண்டிருந்தன. மாரிச்செல்வத்தின் நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. வெளுப்பு உதட்டில் தெரிய ஆரம்பித்திருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. பனியனை வெளிச்சத்தில் விரித்த மாத்திரத்தில் ஓட்டை தெரியுமே, அப்படித் தெரிந்தது.

அப்போது அவள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். வாசலைப் பார்த்து “அபிராமி!” என்று ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும், அல்லது தானே மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். அவள் கட்டைப் பிரித்து முடித்தாள். புதுக்கட்டு போட்டாள். பழைய துணியை எடுத்துக்கொண்டு ஸ்டோர் அறைக்குப் போனாள்.

அவன் சாகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. அதைப் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறாள், அது உண்மையும்தான். அவள் நினைத்தது வேறு. நாலு வருஷம் படித்தவள்தானே, எழுதுகிறவள் தான் எழுதினதைப் படித்துப் பார்க்கட்டும். இன்னும் பத்து நிமிடத்தில் டாக்டர் இறங்கி வருவார். வந்து தாளைப் பார்ப்பார். “இதை எழுதி வெச்சுட்டு என்ன பண்ணீட்டு இருந்தே?” என்று அத்தனை பேருக்கு முன்னால் கேட்பார். பிறகு திரும்பி, “அன்பு எங்க?” என்பார். அந்தக் குரலை அவள் காதில் கேட்டாள். அதற்காகத்தான் காத்திருந்தாள். பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

கட்டுப் போடும் காஸ் துணியை மடித்து டிரம்மில் அடுக்கினாள். ஒரு டிரம் நிறைந்தது. டாக்டர் இறங்கவில்லை. இன்னொரு டிரம்மை இழுத்தாள். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்துத் திரும்ப மடித்தாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். அபிராமி கட்டிலருகே நின்று பிரஷர் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து எழுதிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். பிறகு ஸ்டோர் அறைப் பக்கம் பார்த்தாள். அன்புசெல்வி கதவிலிருந்து தள்ளிக்கொண்டாள்.

பன்னிரண்டு அடிக்கும்போது கருத்தம்மா வந்தாள். தையல் மெஷினிலிருந்து நேராக எழுந்து ஓடி வந்தவள். தலைமுடி முழுக்கப் பஞ்சுத் தூசி, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. புருஷனைப் பார்த்துவிட்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் பாதி திறந்திருந்த ஸ்டோர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, நீங்க நர்சம்மாதான? எங்க வீட்டுக்காரவுகளைக் கொஞ்சம் வந்து பாருங்களேன். எந்நேரமும் வாய் ஓயாத மனுசன். இப்பக் கூப்பிட்டாக் கண்ணைத் திறந்துட்டுத் திரும்ப மூடிக்கிடுதாக. தூக்கமா வருதுங்காக. கை சில்லுன்னு கெடக்குக்கா.”

அன்புசெல்வியின் கையிலிருந்த துணி விழுந்தது. கட்டிலுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மாரிச்செல்வத்தின் விரல் நகத்தை அமுக்கி விட்டாள். வெளுத்த நகம் சிவப்பு திரும்ப நேரம் எடுத்தது. மணிக்கட்டில் நாடி நூல் மாதிரி ஓடியது. வயிறு லேசாக உப்பி இறுகியிருந்தது. தாளில் கடைசி வரி: நாடி நூற்றிப் பதினெட்டு, பிரஷர் நூற்றி நாலுக்கு எண்பத்தெட்டு.

“அபிராமி! உள்ள ரத்தம் போய்க்கிட்டிருக்கு. மேல ஓடு. டாக்டர்கிட்ட மண்ணீரல்னு சொல்லு. தோள் வலின்னு சொல்லு. மயக்க டாக்டரைப் போக விட்றாத!”

அபிராமி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். அன்புசெல்வி இரண்டு கையிலும் பெரிய ஊசியாக ஏற்றினாள்; இரண்டும் முதல் குத்திலேயே ஏறின. ரத்தம் எடுத்து வகை பார்க்கக் கொடுத்தனுப்பினாள். ஆக்ஸிஜன் மாட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது.

திருமூர்த்தி கையுறையைக் கழற்றிக்கொண்டே இறங்கி வந்தார். குடலிறக்கத்துக்குக் கடைசித் தையலைப் போடும்படி டூட்டி டாக்டரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்கேனை மறுபடியும் வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒன்றுமே தெரியாத இடத்தில், மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு பட்டை. அடிவயிற்றில் இன்னொன்று, அகலமாக.

“சி.டி.க்கெல்லாம் நேரமில்லீங்க. நேரா மேல” என்றார். “ரத்தம் நிக்கறதுக்கு டிரனெக்சாமிக் ஊசி போடுங்க. சலைனை அள்ளி ஊத்தாதீங்க, கொஞ்சமா ஓடட்டும். நெறைய ஊத்துனா இருக்கற ரத்தமும் தண்ணியாப் போயிரும். அடைச்ச இடமும் பிச்சுக்கும். அவசரத்துக்கு வெச்ச ஓ நெகட்டிவ் ரெண்டு பையையும் எடுங்க. ரத்த வங்கிக்குப் போன் போடுங்க, இன்னும் நாலு வேணும்.”

ஸ்ட்ரெச்சரை லிப்டில் ஏற்றும்போது பிரஷர் எழுபத்தெட்டுக்கு விழுந்துவிட்டது. அதுவரைக்கும் தாங்கிப் பிடித்திருந்த உடம்பு விட்டுவிட்டது. கருத்தம்மா லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களை அன்புசெல்விதான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வயிற்றைத் திறந்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே இருந்தது. மண்ணீரல் நடுவில் பிளந்திருந்தது. தைத்துக் காப்பாற்றுகிற நிலையில் இல்லை. திருமூர்த்தி அதன் ரத்தக்குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு, மயக்க மருந்து டாக்டர் இரண்டு பை ரத்தத்தை ஏற்றும்வரை அப்படியே நின்றார். பிறகு கட்டி, வெட்டி எடுத்தார். ஒரு தடவை நாடியே கிடைக்காமல் போயிற்று. அன்புசெல்வி ரத்தப் பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பன்னிரண்டு மணி என்ற எண்ணம் அவள் மண்டைக்குள் திரும்பத் திரும்ப வந்தது. பன்னிரண்டு. பதினொன்று நாற்பது. பன்னிரண்டு.

மூன்றரை மணிக்கு அவனை வெளியே கொண்டுவந்தார்கள், சுவாசக் குழாயோடு. பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் கருத்தம்மாவிடம் சொன்னார். மண்ணீரல் இல்லாமல் வாழலாம். ஆனால் இரண்டு வாரத்தில் மூன்று தடுப்பூசி போட வேண்டும், வாழ்நாள் முழுக்கக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

அதன்பிறகு நர்ஸ் அறையில் எல்லோரும் நின்றிருக்கும்போது கேட்டார், “யாரு மொதல்ல பாத்தது?”

“அக்காதானுங்க சார். நகத்தை அமுக்கிப் பாத்துட்டு ஒரே வார்த்தைல சொல்லீட்டாங்க” என்றாள் அபிராமி.

திருமூர்த்தி அன்புசெல்வியின் தோளைத் தட்டினார். “அன்பு இருக்கற வரைக்கும் எனக்குக் கவலை இல்லீங்க. அரை மணி நேரம் தாமதமாயிருந்தா ஆளு போயிருப்பான்.”

ஒரு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அன்புசெல்வி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். முறை வருவதற்கு முன்னால் விலகி வந்துவிட்டாள். சாமியாரிடம் சொல்வது சுலபம். அவருக்கு அபிராமியையும் தெரியாது, மாரிச்செல்வத்தையும் தெரியாது. வீட்டில் சகாயராஜ் கேட்டதற்கும் தலைவலி என்றாள். மாரிச்செல்வத்துக்கு அதற்குள் குழாய் எடுத்தாகிவிட்டது, கஞ்சி குடித்தான். அவள் அவன் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் கருத்தம்மா எழுந்து நிற்பாள். “நீங்க இல்லாட்டி இவுகளை ஊருக்குப் பொட்டலமாத்தான் கொண்டுபோயிருப்பேன்” என்றாள் ஒருநாள். அன்புசெல்வி டிரிப்ஸ் வேகத்தைச் சரிபார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் மத்தியானம், அபிராமி டப்பாவைத் திறக்கும்போது அன்புசெல்வி கதவைச் சாத்தினாள்.

“ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குப் பன்னெண்டு மணிக்குத் தெரியல. பதினொண்ணு நாப்பதுக்கே தெரியும். தோள் வலின்னு என்கிட்டதான் சொன்னான். தாளையும் பாத்தேன். பாத்துட்டு உள்ள போய்த் துணி மடிச்சேன்.”

அபிராமி புரியாமல் பார்த்தாள். “ஏனுங்க்கா?”

“நீ மாட்டணும்னு. டாக்டர் வந்து ஒன்னையத் திட்டணும்னு. நீ வந்ததுலேர்ந்து எனக்கு வயித்தெரிச்சல். அவன் சாகணும்னு நெனக்கல. ஆனா செத்திருப்பான்ல?”

அபிராமியின் கையிலிருந்து விழுந்த டப்பா மூடி மேஜையில் சுற்றி நின்றது. அவள் அதை எடுத்து டப்பாவை மூடினாள்.

“எனக்குப் பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கே சந்தேகம் வந்துருச்சுங்க்கா. நாடி ஏறீட்டே போகுதேன்னு. மேல போய்ச் சொல்லலாம்னு படி வரைக்கும் போனேன்.”

“போயிருக்கலாம்ல?”

“பயமா இருந்துதுங்க.” அபிராமி அவளை நேராகப் பார்த்தாள். “நான் சேந்த ரெண்டாவது வாரம் ஒருத்தருக்கு நாடி நூத்திப் பத்து இருந்துது. உள்ள ரத்தம் போகுதோன்னு டாக்டரைச் சோத்துல இருந்து எழுப்பிக் கூட்டீட்டு வந்தேன். பாத்தா அவரு மூணு தெரு ஓடி வந்திருந்தாரு, அவ்வளவுதான். நீங்க எல்லார்த்து முன்னாடியும் என்ன சொன்னீங்கன்னு ஞாபகமிருக்குதுங்களா?”

அன்புசெல்விக்கு ஞாபகமில்லை. மெய்யாகவே இல்லை.

“‘நாலு வருசம் படிச்ச புள்ள நாலு தெரு ஓட வைக்கும் போல, மைக் செட் கட்டிச் சொல்லும்மா’ன்னீங்க. ஆயா, லேப்காரரு, வாச்மேன் எல்லாம் சிரிச்சாங்க. ஒரு மாசம் என்னைய மைக்செட்டுன்னுதான் கூப்பிட்டாங்க. அன்னைக்கு ஊட்டுக்குப் போயி அழுதேன். அதுக்கப்பறம் நூறு சதவீதம் தெரியாம நான் யாருகிட்டயும் எதும் சொல்றதில்லீங்க. அன்னைக்கு உங்ககிட்டக் கேக்கலாம்னு ஸ்டோர் ரூமைப் பாத்தேன். நீங்க நவுந்துட்டீங்க.”

வெளியே பிரிண்டிங் கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதியது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அபிராமி அவளை உடனே மன்னித்துவிடவில்லை. மூன்று நாள் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. நாலாம் நாள் அன்புசெல்வியே மாரிச்செல்வத்தின் தாளை எடுத்துக்கொண்டு திருமூர்த்தியின் அறைக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதை நான் மறக்க மாட்டேனுங்க அன்பு” என்றார் கடைசியில். ஒரு மாதம் அவளை அவசரப் பிரிவிலிருந்து எடுத்து மேலே வார்டில் போட்டார். அந்த மாதத்தில் அவர் ஒரு நாள்கூட “அன்பு எங்க?” என்று கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவசரப் பிரிவில் ஒரு வழக்கம் புதிதாக வந்திருந்தது. அபிராமி டாக்டரிடம் கேட்டு வாங்கியது. நெஞ்சிலோ வயிற்றிலோ அடிபட்டு வந்து, வெளியே காயமில்லாதவர் யாராக இருந்தாலும், ஒருத்தி நாடி பார்த்து எழுதினால் இன்னொருத்தி வந்து அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நாடி நூறைத் தாண்டினால் டாக்டர் தியேட்டரில் இருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் போன் போக வேண்டும். ஸ்கேன் ஒரு தடவை நன்றாக இருந்தால் போதாது, அரை மணியில் திரும்பப் பார்க்க வேண்டும். கூப்பிட்டது வீண் என்று ஆனால் யாரும் சிரிக்கக் கூடாது என்பதை அபிராமி தாளில் எழுதவில்லை. அன்புசெல்வி அதைத் தானே பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை லேப்காரர் பல்லைக் காட்டினார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அபிராமி மறுபடியும் அக்கா என்று கூப்பிட்டாள். அன்புசெல்வி அவள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். குழந்தைகளுக்கு ஊசி ஏற்றும்போது அபிராமியைக் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்போதும் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் எழும்பத்தான் செய்தது. எழும்பினால் அவள் அடையாளம் கண்டுகொண்டாள், அவ்வளவுதான். வேறு பெயர் வைப்பதை விட்டுவிட்டாள்.

மாரிச்செல்வம் மூன்று மாதம் கழித்துத் தையல் தழும்பைக் காட்ட வந்தான். கனம் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அதே கம்பெனியில் துணி வரவு பார்க்கிற வேலைக்கு மாறியிருந்தான். கருத்தம்மா கம்பெனியில் தள்ளுபடியாகக் கிடைத்த ஒரு சிவப்புச் சட்டையை அன்புசெல்வியின் கையில் திணித்தாள். அன்றைக்கும் அவளிடம் மட்டும் அன்புசெல்வியால் சொல்ல முடியவில்லை. சொல்ல நினைத்து வாயெடுத்தாள். கருத்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். இன்றுவரை சொல்லவில்லை. சட்டையையும் யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் வைத்திருக்கிறாள்.

போன தை மாதம் அபிராமிக்குக் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், விபத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே வீடியோ காலில் கூப்பிட்டாள். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்: கட்டிலுக்கு ஒரு மானிட்டர், பக்கத்திலேயே ரத்த வங்கி, ரத்தத்தைச் சூடாக்கி ஏற்றுகிற இயந்திரம்.

“இதப் பாருங்க்கா, நாடி ஏறுனா அதுவே சத்தம் போடுது.”

அன்புசெல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க்கா, பேசாம இருக்கறீங்க?”

“எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடி” என்றாள் அன்புசெல்வி.

அபிராமி அங்கே யாரோ திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அதற்குள் இங்கே வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது; வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். அன்புசெல்வி போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.